குப்பைமேனி எண்ணெயும் ஒரு பரோட்டா மாஸ்டரின் கையும்

நம் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சித்த மருத்துவர்களில் இரண்டு பேர், குப்பைமேனி தோலுக்கு என்னென்ன நன்மை செய்யும் என்று ஒரு பக்கம் எழுதித் தரமுடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அச்சடித்து மக்களுக்குக் கொடுக்கலாம் என்பது உங்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். நானும் உட்கார்ந்து பாதி எழுதிவிட்டேன்.

சொறி சிரங்குக்கு இலையை உப்போடு அரைத்துப் பூசிக் குளிப்பது, படர்தாமரைக்கு மஞ்சளோடு அரைத்துப் போடுவது, பூச்சிக்கடித் தடிப்புக்குச் சாறு, வேர்க்குருவுக்கும் வறண்ட தோலுக்கும் தேங்காயெண்ணெயில் காய்ச்சிய தைலம். எல்லாம் நான் கையாண்டு பார்த்தவை. சுவரோரத்திலும் குப்பைமேட்டிலும் தானாக முளைக்கிற இந்தச் செடி எத்தனை பேருக்கு நிம்மதியாகத் தூக்கம் கொடுத்தது என்பதை நேரில் கண்டவள் நான். முகத்தில் பூசுகிறவர்கள் முதலில் முழங்கைக்கு உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றும் எழுதினேன். ஏதோ வீடியோவைப் பார்த்து முகம் முழுக்க அப்பிக்கொண்டு, கன்னம் சிவந்து வீங்கிப்போய் வந்த கல்லூரிப் பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கு மேல் எழுத ஓடவில்லை. அந்தப் பக்கத்தைப் படிக்கப்போகிறவர்கள் மக்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து உட்காரப்போகிறவர்களும் அவர்கள்தான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அது ஏழுமலையின் கதை. பெயரை மாற்றியிருக்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தா பிரிவில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். வீடு செங்கல்பட்டில். காலையில் இரண்டு பஸ் மாறிப் போவேன். சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் பக்கத்து மீனவக் குடும்பங்களும், உள்ளே வயல் வேலைக்குப் போகிறவர்களும், மாமல்லபுரம் ஓட்டல்களில் வேலை செய்கிறவர்களும் வருவார்கள். உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறவர்களின் தோல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதி பேருக்கு அரிப்பு, மீதி பேருக்குப் படை.

அரசாங்க சப்ளையில் வரும் மருந்து போக, நானும் எங்கள் மருந்தாளுநரும் சேர்ந்து குப்பைமேனித் தைலம் காய்ச்சினோம். ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குப் பின்னாலேயே செடி மண்டிக் கிடந்தது. அந்த எண்ணெய்க்குப் பெயர் வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. “குப்பைமேனி டாக்டரம்மா” என்று கேட்டால் பஸ் கண்டக்டர்கூட இறங்க வேண்டிய இடத்தைச் சொல்வார். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏழுமலை முதலில் வந்தது ஒரு திங்கட்கிழமை. திங்களன்று கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும். வயது நாற்பது இருக்கும். கடப்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவர் மனைவியின் அண்ணன் நடத்தும் கடையில் பரோட்டா மாஸ்டர். வலது கையின் வெளிப்புறம், சுண்டு விரலுக்குக் கீழிருந்து மணிக்கட்டு தாண்டி, வெளிறிய ஒரு திட்டு. ஓரம் லேசாகச் சிவந்து, நடுவில் தோல் வறண்டிருந்தது.

“எத்தனை நாளா இருக்கு?”

“ரெண்டு மூணு மாசம் இருக்கும் டாக்டரம்மா.”

“அரிக்குதா?”

“அரிப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. பாக்கத்தான் ஒரு மாரியா கீது. நம்மள்து சாப்பாட்டு வேலை. கஸ்டமரு கையத்தான பாத்துகினு கீறான்.”

அரிப்பு இல்லை என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. தேமலாக இருக்கும், தேமல் நிறைய பேருக்கு அரிக்காது என்று மனசு உடனே ஒரு பதிலை எடுத்துக் கொடுத்தது. வரிசையில் அடுத்து ஓர் அம்மா குழந்தையோடு நின்றிருந்தாள். சீட்டில் “தேமல்” என்று எழுதி, எண்ணெய் கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னேன். அந்தத் திட்டை நான் விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மாதா மாதம் வந்தார். சொன்னபடி தவறாமல் எண்ணெய் போட்டார். எண்ணெய் ஊறிய தோல் பளபளப்பாக இருக்கும். வறட்சி குறைந்துவிட்டது, ஓரம் மங்கிவிட்டது என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார். மூன்றாவதோ நான்காவதோ மாதம் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக ஒன்று சொன்னார்.

“டாக்டரம்மா, உங்க எண்ணெயில இன்னாவோ கீது. முன்னல்லாம் கல்லுல கை பட்ச்சினா ரெண்டு நாளு எரியும். இப்போ பட்டாகூட ஒண்ணுமே தெர்ல. மச்சான் கூட கேக்கறாரு, இன்னாடா உன் கைக்கு சூடே ஒறைக்காதான்னு.”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அன்று மதியம் சாப்பிடும்போது, எங்கள் சுகாதார நிலையத்தின் அலோபதி டாக்டரிடம் இதைச் சொன்னேன். சின்ன வயசுக்காரர், என் மகன் வயசுதான் இருக்கும். எண்ணெய் காய்ச்சும் வாசனை அவர் அறைவரை போகும். ஒருமுறை அதைப் பற்றி நர்ஸிடம் ஏதோ கிண்டலாகச் சொன்னது என் காதுக்கு வந்திருந்தது. அதனால் அவரிடம் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

“தீப்பட்டா எரிச்சல்கூட தெரியலையாம் டாக்டர். எண்ணெயோட குணம்.”

அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, “நல்லது மேடம்” என்றார்.

நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கும் அதே பாடம்தான் நடத்தினார்கள். பரீட்சையில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேன். ஆனால் அது கேள்வித்தாளில் வராமல், என்னைப் புகழ்ந்துகொண்டு வந்தது. நோயாளி உங்களைப் பாராட்டும்போது நன்றாகக் கேளுங்கள். அந்தப் பாராட்டுக்குள்ளேயே ஒரு நோய்க்குறி இருக்கலாம்.

ஐந்தாவது மாதம், மழைக்காலம். அன்று ஒரு முகாமுக்காகக் கடப்பாக்கம் பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது நல்ல மழை. என் கண்ணெதிரே பஸ் போய்விட்டது. மணி சாயங்காலம் ஐந்தரை இருக்கும். எதிரே ஏழுமலையின் கடை. கடை வாசலில் தகரத்துக்குக் கீழே பெரிய தோசைக்கல், அதன் முன்னால் அவர். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து குடை பிடித்துக் கூட்டிப்போனார்.

“மச்சான், இவங்கதான் எண்ணெ டாக்டரம்மா. ஒக்காருங்க டாக்டரம்மா. சூடா ரெண்டு போட்டுத் தர்றேன்.”

அவர் மச்சான் கல்லாவிலிருந்து எழுந்து கும்பிட்டார். சங்கர் என்று வைத்துக்கொள்வோம். நான் கல்லுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஏழுமலை நல்ல வேலைக்காரர். மாவைத் தூக்கி வீசி விசிறி மாதிரி விரிப்பதும், சுருட்டி வைப்பதும், கல்லில் போட்டுத் திருப்புவதும் பார்க்கவே அழகு. வெந்த பரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுவாரே, அப்போது வேறு மாஸ்டர்கள் கையை உதறுவார்கள். இவர் உதறவில்லை. என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே தட்டினார். மகள் ஆறாவது படிக்கிறாள், கணக்கில் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு சுவாரஸ்யத்தில் வலது கையின் ஓரத்தைக் கல்லின் விளிம்பில் ஊன்றினார்.

எடுக்கவில்லை.

மகளின் டீச்சர் என்ன சொன்னார் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். எனக்கு முதலில் வாசனைதான் வந்தது. மாவு கருகும் வாசனை வேறு, இது வேறு.

“ஏழுமலை, கை.”

அவர் தலை குனிந்து இரண்டு கைகளையும் பார்த்தார். “எந்தக் கை?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். சுண்டு விரலின் ஓரம் வெளுத்துத் தோல் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பழைய காயத் தழும்புகள் நாலைந்து. ஐந்து மாதமாக நான் எண்ணெய் போட்டுவந்த கை. காயத்தைப் பார்ப்பது போல முழங்கையைத் திருப்பி, பின்பக்கம் எலும்பை ஒட்டி உட்புறமாக விரலால் அழுத்தினேன். கயிறு மாதிரி தடித்து உருண்டது நரம்பு. சுண்டு விரலை விரிக்கச் சொன்னேன். அது பக்கத்து விரலை விட்டு விலகவில்லை.

கடையில் ஆறேழு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த இடத்தில் வாயைத் திறந்தால், அந்த மனிதரின் பிழைப்பும் அவர் மகளின் பள்ளிக்கூட வாழ்க்கையும் அந்த நிமிஷமே கெட்டுப்போகும். அதனால், “தண்ணி ஊத்துங்க. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்க. காயத்துக்கு மருந்து போடணும்” என்று மட்டும் சொன்னேன்.

“நாளைக்கு முகூர்த்த நாளு டாக்டரம்மா. ஆர்டரு கீது.”

“பரவாயில்ல. வாங்க. அதுவரைக்கும் கல்லுகிட்ட போகாதீங்க.”

சிரித்தார். கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, எனக்காகப் போட்ட இரண்டு பரோட்டாவை இலையில் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இலையைப் பார்த்தபோது என் கை ஒரு நொடி தயங்கியது. இந்த நோய் சாப்பாட்டில் வராது, தொட்டால் வராது, நீண்ட நாள் கூடவே இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு வராது என்று நானே எத்தனையோ கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அதெல்லாம் தெரிந்த என் கையே தயங்கியது. அப்படியென்றால் ஒன்றும் தெரியாத ஊர் என்ன செய்யும் என்று அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. இரண்டு பரோட்டாவையும் முழுதாகச் சாப்பிட்டேன். அவர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, நம் பிரிவுக்குப் போகாமல் நேராக அந்தச் சின்ன டாக்டரின் அறைக்குப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போயிருந்தேன். இப்போதுதான் ஒரு நோயாளி வந்தார், பார்த்தேன், சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் சீட்டைப் பார்த்தால் தெரியும். ஐந்து மாதம், ஐந்து முறை, என் கையெழுத்தில் “தேமல்”.

சீட்டின் நகலை அவர் மேஜையில் வைத்தேன்.

“ஒரு தொழுநோய் கேஸை அஞ்சு மாசமா எண்ணெய் போட்டு வச்சிருந்திருக்கேன் டாக்டர். முழங்கை நரம்பு தடிச்சிருக்கு. சுண்டு விரல் பலவீனமாயிடுச்சு. நீங்க பாக்கணும்.”

அவர் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். சீட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கேட்டார்: “சூடு தெரியலன்னு ஒருத்தர் சொன்னதா சாப்பிடும்போது சொன்னீங்களே, அவரா மேடம்?”

“அவர்தான்.”

சீட்டை மேஜைமேல் வைத்தார். “அன்னிக்கு நானும் கேட்டேனே. எனக்கும் தோணல. எண்ணெயைப் பத்தின பேச்சுன்னு காதை மூடிக்கிட்டேன்” என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் நல்ல நண்பர்கள். ஆனால் அதற்குக் கொடுத்த விலை எங்களுடையது அல்ல, ஏழுமலையுடையது.

முகூர்த்த நாளன்று அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்று தடவை போன் செய்தேன். காயம் ஆறிவிட்டது, எதற்கு பேஜாரு என்றார். கடைசியில், “நீங்க வரலன்னா நான் கடைக்கு வருவேன்” என்றேன். வந்தார்.

சின்ன டாக்டர் கதவைச் சாத்திவிட்டு அவரை உட்காரவைத்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, “நான் பேனா முனையால தொடுவேன். தொட்ட இடத்தை மத்தக் கை விரலால காட்டணும்” என்றார். இடது கையில் தொட்டார். ஏழுமலை சரியாகக் காட்டினார். வலது புஜத்தில் தொட்டார். காட்டினார். பிறகு பேனா அந்தத் திட்டுக்கு வந்தது. நடுவில் ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை, சுண்டு விரலில் இரண்டு முறை, உள்ளங்கை ஓரத்தில் இரண்டு முறை.

ஏழுமலை கண்ணை மூடிப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். “இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?” என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நோயின் பெயரை நான்தான் சொன்னேன். அது என் வேலை என்று தோன்றியது. தொழுநோய் என்றதும் முதலில் அவருக்குப் புரியவில்லை. “பெரிய வியாதியா?” என்று, ஊர்ப் பேச்சில் அந்த நோய்க்குள்ள பெயரைச் சொல்லிக் கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து நின்றுவிட்டார். குணமாகும், அரசாங்கமே இலவசமாக மாத்திரை கொடுக்கும், ஆறு மாதத்தில் முடிந்துவிடும், நரம்புக்காக மட்டும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சின்ன டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். ஏழுமலை அவர் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா, மாத்திரை வேணாம். செங்கல்பட்டுல யாருனா பாத்தா அத்தோட முடிஞ்சிது. மச்சான் கடையில நிக்க வுடுவாரா? பொண்ண ஸ்கூல்ல ஒக்கார வுடுவாங்களா? நீங்க எண்ணெயே குடுங்க. முந்தி மாரி. மாசத்துக்கு ஒரு தபா வந்து வாங்கிக்கிறேன். அதுலயே சரி பண்ணிடுங்க.”

இருபது வருஷமாக என் எண்ணெயைப் பற்றி யார் சந்தேகப்பட்டாலும் சண்டைக்குப் போனவள் நான். இப்போது ஒரு மனிதர் அதன்மேல் அவ்வளவு நம்பிக்கையோடு கேட்கிறார். பக்கத்தில் அலோபதி டாக்டர் நிற்கிறார். மாத்திரையோடு சேர்த்து எண்ணெயும் தருகிறேன் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அப்படிச் சொன்னால் அவர் எண்ணெயை மட்டும்தான் போடுவார். மாத்திரை கூரையில் செருகியே இருக்கும்.

“என் எண்ணெய் இதுக்கு ஆகாது ஏழுமலை.”

“அஞ்சு மாசமா போட்டுகினுதான கீறேன். நல்லாத்தான கீதுன்னு நீங்களே சொன்னீங்க.”

“சொன்னேன். தப்பா சொன்னேன். முதல் நாள் வந்தப்போ உங்க கையைத் தொட்டுப் பார்த்திருக்கணும். பாக்கல. அஞ்சு மாசமும் தப்பு என்னோடது. இன்னிக்கும் எண்ணெய் குடுத்தா அது தப்பு இல்ல, துரோகம்.”

அவர் உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நான் பிடித்திருப்பது அவருக்கு உள்ளங்கையின் பாதியில்தான் தெரிந்திருக்கும். அன்று முதல் மாத்திரையை எங்கள் எதிரிலேயே விழுங்கினார்.

மனைவிக்கு அவரே சொன்னார். மனைவி, மகள் இருவரையும் சோதித்தோம். ஒன்றுமில்லை. அவர்களுக்கு ஒரே ஒரு வேளை தடுப்பு மாத்திரை கொடுத்தோம். முதல் மாத்திரையில் சிறுநீர் சிவப்பாகப் போனதும் ஏழுமலை பயந்து எனக்குப் போன் செய்தார். அப்படித்தான் போகும் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று அதிலும் ஒன்று கற்றுக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து சங்கர் வந்தார், மச்சான். புறநோயாளி நேரம் முடிந்து நான் கிளம்பும் சமயம். கதவருகில் நின்றபடியே பேசினார்.

“மேடம், ஏழுமலைக்கு இன்னா? என் தங்கச்சி வாயத் தொறக்க மாட்றா. நீங்க கல்லுகிட்ட போவாதன்னு சொன்னீங்களாம். எனக்குத் தெரியணும் மேடம். நம்மள்து ஓட்டலு. நாளைக்கு எவனாவது ஒண்ணு கெளப்பி வுட்டா கடைய மூடிகினு போவ வேண்டியதுதான்.”

அவர் கெட்டவர் அல்ல. பயந்த மனிதர். அவர் பயத்தில் நியாயமும் இருந்தது. பொய் சொல்லி அனுப்பலாம், சூட்டுக் காயம் என்று. பிறகு உண்மை தெரிந்தால் என் எந்த வார்த்தையையும் அவர் நம்பமாட்டார். உண்மையைச் சொல்லலாம். சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த உண்மை ஏழுமலையுடையது.

“உள்ள வந்து உக்காருங்க” என்றேன். “ஏழுமலைக்கு என்ன நோய்னு நான் சொல்லமாட்டேன். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா அவர் வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன். ஆனா உங்களுக்குத் தெரிய வேண்டியது ரெண்டு இருக்கு. அவர் கையில நரம்பு கெட்டிருக்கு, சூடு தெரியாது. கல்லுல நின்னா அவர் கைதான் போகும். இன்னொண்ணு, அவர் கை பட்ட எதைச் சாப்பிட்டாலும் யாருக்கும் எதுவும் வராது. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்டாலும் தரேன்.”

அவர் வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். வாய்விட்டுக் கேட்கவில்லை.

“அன்னிக்கு மழையில வந்தீங்களே, கையப் பாத்தப்பறமும் அவன் குடுத்தத சாப்ட்டீங்க.”

“சாப்பிட்டேன்.”

“முழுசா சாப்ட்டீங்க. நான் கல்லாவுலேந்து பாத்துகினுதான் இருந்தேன்.” எழுந்தார். “சரி மேடம். காலையில கரைக்குப் போயி மீன் எடுத்தாற ஆள் இல்லாமத்தான் கஷ்டமா கீது. அவன அனுப்பறேன்.”

பேசிப் பேசி எதையும் புரியவைக்க முடிந்திருக்காது. நாம் என்ன சொல்கிறோம் என்பதைவிட நம் கை என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

இதை ஒரு வெற்றிக் கதையாக முடிக்க எனக்கு ஆசைதான். முடியாது. நோய் குணமாகிவிட்டது. ஒரு மாத்திரைகூட அவர் தவறவிடவில்லை. செங்கல்பட்டில் நரம்பு வீக்கத்துக்குக் கொடுத்த மருந்தால் உள்ளங்கையில் ஓரளவு உணர்ச்சி திரும்பியது, மோதிர விரல் தேறியது. சுண்டு விரல் தேறவில்லை. உள்பக்கம் மடங்கியபடியே நின்றுவிட்டது. மாவை வீசி விரிக்க அந்த விரல் வேண்டும். பரோட்டா மாஸ்டர் வேலைக்கு அவரால் திரும்ப முடியவில்லை. கல்லுக்கு வேறு ஆள் வந்தார். ஏழுமலை மொபெட்டில் கரைக்குப் போய் மீன் எடுத்து வந்து கடைக்குக் கொடுத்தார். அவருக்கு அதில் வருத்தம் இருந்தது. கடைக்குள் நிற்காமல் மீனை இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிடுவார் என்று சங்கர் ஒருமுறை சொன்னார்.

கடைசி மாத்திரை சாப்பிட்ட பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை கையைக் காட்ட வருவார். அப்படி ஒருநாள் வந்தவர், கையை மேஜைமேல் வைத்து, மடங்கின விரலை மற்றக் கையால் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மொத நாளே மாத்திரை குடுத்துருந்தா, இந்த விரலு நேரா இருந்துருக்குமா?”

உறுதியாகச் சொல்ல முடியாது, ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்று சொல்லலாம். அதுவும் பொய்யாகாது. மருத்துவப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் முதல் நாள் அந்த விரல் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கையால்தான் என் மேஜையிலிருந்து சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார். சுண்டு விரல் நன்றாக மடங்கி, நன்றாக நிமிர்ந்தது.

“நேரா இருந்திருக்கும்” என்றேன்.

அவர் விரலை விட்டுவிட்டார். அது தானாக மடங்கிக்கொண்டது. வெளியே நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இனி இவர் என்னிடம் வரமாட்டார், அதுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன். அவர் எழுந்து, சீட்டை மடித்து, கதவுவரை போய் நின்றார்.

“பொண்ணு கன்னத்துல வெள்ளையா ஒண்ணு வந்துகீது, ஒரு வாரமா. வூட்டுக்கு எதுத்தாப்ல பெரிய கிளினிக்கு கீது, அங்க காட்டலாம்னு அவங்கம்மா சொல்றா.”

“காட்டுங்க. நல்லா பாப்பாங்க.”

“இல்ல. நாளைக்கு ஸ்கூலு லீவு. இங்கியே கூட்டினு வர்றேன். நீங்க பாருங்க.”

கூட்டிவந்தார். நான் அந்தப் பெண்ணை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கன்னத்தில் ஏழெட்டு இடத்தில் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்தையும் சரியாகக் காட்டினாள். பாதியில், கூசுகிறது என்று சொல்லித் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். ஏழுமலை பக்கத்தில் நின்று, அவள் சிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.